தாடிக்கட்டு நேரம்

திரும்பாதே. இப்படியே நின்றுகொண்டிரு. நீ திரும்பாத வரைக்கும் அது அவர்தான்.

ஸ்வரண் கௌரின் கைகள் ரொட்டி மாவுக்குள் இருந்தன. முற்றத்தில், அடிபம்புக்குப் பக்கத்தில், ஓர் ஆண் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான். இன்னும் தலைப்பாகை கட்டவில்லை, உச்சிக்கொண்டை மட்டும்தான். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. அதில் வெந்தயமும் நெல்லிமுள்ளியும் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெயின் வாசனை இருந்தது. அதற்கும் அடியில், மூக்குக்கு எட்டியும் எட்டாமலும், இரண்டு கிராம்பு. பதினோரு மாதமாக இந்த முற்றத்தில் இல்லாத வாசனை.

மனசுக்கு முன்னால் அவளுடைய உடம்பு போய்விட்டது. தோள் தளர்ந்தது, முகம் தானாக மலர்ந்தது. ஊரிலிருந்து வந்து, குளித்து, எண்ணெயும் போட்டாயிற்றா, என்னைக் கூப்பிடாமலா என்று ஒரு செல்லக் கோபம்கூட எழுந்தது. அதற்கப்புறம்தான் அறிவு வந்து சேர்ந்தது. வந்த பிறகும் அவள் சிரிப்பை எடுத்துவிடவில்லை. இன்னும் ஒரு மூச்சு நேரம் இருக்கட்டும் என்று வைத்திருந்தாள்.

அவன் திரும்பினான். அம்ரீக் சிங். அவள் கணவனின் தம்பி.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அம்ரீக் அதைப் பார்த்தான், அவன் காது நுனிகள் சிவந்தன. சமையல்கட்டு வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் பச்சன் கௌரும் பார்த்தாள். அவள் விரல்கள் ஒரு பட்டாணிக் காயைப் பாதி பிளந்த நிலையில் நின்றன.

"வெயில் நல்லா இருக்குல்ல இன்னைக்கு," என்றான் அம்ரீக்.

பாபி, அதாவது அண்ணி, என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வயசிலிருந்து வாய் ஓயாமல் பாபி, பாபி என்று அவளைச் சுற்றி வந்தவன். சில வாரமாக அவளை எந்தப் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை.

"ம்," என்று சொல்லிவிட்டு ஸ்வரண் மாவை ஓங்கிக் குத்தினாள்.

அந்த எண்ணெயை அப்படிக் காய்ச்சுகிறவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். கல்யாணமான முதல் வருஷம், அவள் கணவர் நிர்வைர் சிங் அறுப்பு மெஷினை ஓட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போய்விட்டுத் திரும்பியபோது, தாடியின் வேர் முழுக்கக் கோதுமைச் சுனை ஏறியிருந்தது. தாடைத் தோல் தடித்துச் சிவந்து, சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. கத்தி படாத தாடி. ஒரு முடியைக்கூட எடுக்கக் கூடாது. தயிர் தேய்த்து அலசி, மரச்சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து, எண்ணெயை விரல்நுனியால் தோலுக்கே கொண்டுபோக வேண்டும். அப்படி மூன்று நாள் செய்த பிறகுதான் அலசின தண்ணீர் தெளிந்து ஓடியது. சொறிந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. வெறும் கடுகெண்ணெய் எரிகிறது என்று அவர் சொன்னதால் புகை அடங்கும்வரை காய்ச்சிப் பார்த்தாள். வெந்தயம் சேர்த்தாள். அடுத்த வருஷம் நெல்லிமுள்ளி. கிராம்பு அவளாகச் சேர்த்தது. ஏழு நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிவைப்பாள்.

வெளியூர் போகாத நாட்களில் தினமும் காலையில் நிர்வைர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்துவார். அவள் உள்ளங்கையில் எண்ணெய் எடுத்து, இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கி, தாடைக்கு அடியிலிருந்து தொடங்குவாள். பிறகு தாடியை முறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, அதன்மேல் அகலமான துணிப்பட்டையை இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவாள். முடி படிய அரைமணி நேரம் ஆகும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லாம் கலைந்துபோகும்.

நிர்வைர் பெரிய பேச்சுக்காரர். அவர் இருக்கும் இடத்தில் வேறு யாரும் ஒரு வாக்கியத்தை முடித்துவிட முடியாது. மெஷின் கதை, ஊர்க்கதை, எவனோ ஒருவன் எருமையோடு சண்டை போட்ட கதை. கேட்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஸ்வரணும் சிரிப்பாள். ஆனால் தாடிக்கட்டுப் போட்ட அந்த அரைமணி நேரம் அவளுடையது. எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்தபடியோ மகள் மின்னோவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியோ, அவள் பேசுவாள். அவர் 'ம்ம்' என்பார். ஒரு 'ம்ம்' என்றால் சரி. இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால் போதும், விடு.

"எல்லாம் என்னைக் கட்டிப்போட்டுட்டுத்தான் பேசறே. கட்டு அவுத்ததும் ஊமை ஆயிடறே," என்பார் கட்டை அவிழ்த்த பிறகு.

உண்மைதான். இரண்டாவது பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தபோது, அது ஆண் என்று மருத்துவச்சி தன்னிடம் மட்டும் சொன்னதை அந்த நேரத்தில்தான் அவரிடம் சொன்னாள். தாடையில் துணி இறுகக் கட்டியிருக்க, அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கித் துணிப்பட்டையை நனைத்தது. எழுந்திருக்கவில்லை, பேசவில்லை. பேச முடியாத மனிதர் முன்னால் எதையும் சொல்லிவிடலாம் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது.

போன மாசி மாதமும் அப்படித்தான் சொன்னாள். "இந்த வருஷம் போகாதீங்களேன். எனக்கு மனசு சரியில்ல. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல."

அவர் அவளைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. ஒரு 'ம்ம்' வந்தது.

ஒன்று என்றால் சரி. அவள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். நாலு நாள் கழித்து அவர் பெட்டியை எடுத்துவைத்தபோதுதான், அந்த 'ம்ம்' சரி இல்லை, கேட்டுக்கொண்டேன் என்பதுதான் என்று புரிந்தது. கட்டு அவிழ்ந்திருந்த வாயோடு அவர் எதிரில்தான் நின்றார். ஒரு தடவை, முகத்துக்கு நேராக, போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் சப்பாத்தியையும் ஊறுகாயையும் கட்டிக் கொடுத்தாள்.

பத்தொன்பதாம் நாள் மெஷினின் ஏணி மேலே போன மின்கம்பியில் பட்டது.

உடம்பு வந்த அன்று, முற்றத்தில் வேட்டிகளை மறைப்பாகக் கட்டி ஆண்கள் குளிப்பாட்டினார்கள். "தாடிக்கு நான் எண்ணெய் போடறேன்," என்று ஸ்வரண் கேட்டாள். பெண்கள் அவளை இழுத்து உட்காரவைத்தார்கள். ஆம்பளைக்கு ஆம்பளைதான் செய்யணும், நீ உக்காரு. அவள் பாட்டிலை மட்டும் உள்ளே கொடுத்தனுப்பினாள். முகம் பார்க்கக் கூப்பிட்டபோது, தாடி சீவி நெஞ்சின் மேல் அவிழ்த்து விடப்பட்டிருந்தது. நல்லபடியாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அவர் தாடியை அவிழ்ந்த கோலத்தில் அவள் ஒருத்திதான் பார்த்திருந்தாள். ஊரார் எல்லாரும் சுருட்டிக் கட்டியதையே பார்த்தவர்கள். இப்போது ஊர் மொத்தமும் நின்று பார்த்தது. ஸ்வரணுக்கு அழுகை வரவில்லை. யாராவது மூடுங்களேன் என்று இருந்தது.

ஏழாவது மாதம் பச்சன் கௌர் முதல் தடவை பேச்சை எடுத்தாள். அண்ணன் போன வீட்டில், தம்பி அண்ணியின் தலைமேல் விரிப்பைப் போர்த்தித் தன் மனைவியாக ஏற்பது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. எதிர்வீட்டில் நடந்திருக்கிறது, குருத்வாராவுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் நடந்திருக்கிறது. வீடு உடையாமல் இருக்கும், நிலம் பிரியாமல் இருக்கும், பிள்ளை அப்பா வீட்டிலேயே வளரும்.

"அம்ரீக்குக்கு இருபத்தி நாலு. உனக்கு முப்பத்தியொண்ணு. ஊர்ல இல்லாததா?" என்றாள் மாமியார்.

ஸ்வரண் பதில் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் ஹர்தேவும் வந்து சொன்னான். "இங்க உனக்கு இடம் இருக்கணும்னா ஒத்துக்கோ. இல்லன்னா எங்க வீடு இருக்கு, வந்துடு. ஆனா மின்னோவை அவங்க விடமாட்டாங்க, அதையும் யோசிச்சுக்கோ."

அதற்கும் பதில் சொல்லவில்லை. வருஷம் திரும்பட்டும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். தான் சொல்லாததெல்லாம் இந்த வீட்டில் எப்போதும் சரி என்றுதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று ஸ்வரணுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தாள். பேசுவதற்கென்று இருந்த நேரம் போய்விட்டது. மற்ற நேரங்களில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

அந்தச் சிரிப்புக்கு மூன்றாம் நாள் வியாழக்கிழமை. குருத்வாரா சமையல்கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வரணுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு ஜீதோ.

"என்னடி ஸ்வர்னோ, உங்க வீட்டுக் கடுகெண்ணெய் வாசம் காலையிலேயே எங்க வாசல் வரைக்கும் வருது?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்."

"காத்தா? நல்லா அடிக்குதுடி காத்து. இவ்வளவு நாளா கடைல வாங்கின பசைய அப்பிக்கிட்டு, போஸ்டர் ஒட்டப் போறவன் மாதிரி இருந்தான் உன் கொழுந்தன். இப்ப பாரு, தாடி மினுமினுன்னு இருக்கு. மாட்டுச் சந்தையில எல்லாரும் மாட்டை விட்டுட்டு அவனைத்தான் பாக்கறாங்களாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தவாவுக்குப் பக்கத்தில் இருந்த கிழவி, "கொழுந்தன்னு ஏன்டி சொல்றே, இன்னும் எத்தனை நாளைக்கு," என்றாள். மறுபடி சிரிப்பு.

"என்ன சொல்றீங்க?" என்றாள் ஸ்வரண்.

ஜீதோவின் கையில் சப்பாத்திக் குழவி நின்றது. "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வர்றாராமே, நாள் குறிக்க. உன் மாமியார் நேத்தே எஸ்.டி.டி. பூத்துல போய்ப் பேசிட்டு வந்தாங்களே." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீதான் சம்மதம் சொல்லிட்டேன்னு... உன் மாமியார் கண்ணெல்லாம் தண்ணி. 'வாயால சொல்லல, முகத்தால சொல்லிட்டா என் பொண்ணு'ன்னு தெருவே கேக்கச் சொன்னாங்க. சொல்லலியா நீ?"

ஸ்வரணின் கையிலிருந்த ரொட்டி ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அதை மறுபடி உருண்டையாக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியைத் திறந்தாள். போன பங்குனியில், நிர்வைர் திரும்பி வந்தால் தாடிக்குப் போடவென்று காய்ச்சிவைத்த பாட்டில். சால்வைகளுக்குப் பின்னால் வைத்திருந்தாள். குளிப்பாட்ட எடுத்த ஒரு கை போக மிச்சம் முக்கால் பாட்டில் இருந்தது. இப்போது கால் பாட்டில்கூட இல்லை.

பச்சன் கௌர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பீஜி. ஸ்வரண் பாட்டிலை அவள் முன்னால் வைத்தாள்.

"பீஜி, இதை ஏன் எடுத்தீங்க?"

"வீணாப் போகும்ல. எண்ணெய் எத்தனை நாளைக்கு இருக்கும்? இன்னும் ரெண்டு மாசம் போனா சிக்கு வாடை அடிக்கும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ பதில் சொல்லுவியா? என்னைக்குச் சொல்லியிருக்கே?" பீஜியின் குரல் ஏறியது. உடனே இறங்கிவிட்டது. முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். "நான் பொய் சொல்லல ஸ்வர்னோ. வீணாப் போகும்னு எடுக்கல. ஒரு நாள் சால்வை எடுக்கத் திறந்தேன். மூடியைத் திறந்து மோந்து பாத்தேன். என் புள்ள வந்து பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் தினமும் திறந்தேன். பாட்டில்ல எத்தனை நாளைக்கு மோந்து பாக்கறது? அது நடமாடணும்டி. ஒரு ஆம்பளை முகத்துல, முற்றத்துல, நடமாடணும். அதான் சின்னவன்கிட்ட குடுத்தேன். போட்டுக்கோடா, அம்மாவுக்காகப் போட்டுக்கோன்னேன்."

ஸ்வரண் நின்றுகொண்டே இருந்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அவளும்தான் அந்தப் பாட்டிலைத் திறந்திருந்தாள், பீஜி தூங்கும் நேரம் பார்த்து. ஒரே அலமாரிக்கு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய் வந்திருக்கிறார்கள்.

"நீ சிரிச்சே," என்றாள் பீஜி. "பதினோரு மாசம் கழிச்சு சிரிச்சே. நான் கண்ணால பாத்தேன். இல்லேன்னு சொல்லிடாதே."

இல்லை என்று ஸ்வரண் சொல்லவில்லை. சிரித்தது உண்மை.

மறுநாள் மதியம் அவள் கடுகு வயல் ஓரத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தபோது அம்ரீக் வந்தான். வயல் பூத்து மஞ்சளாக இருந்தது. வரப்பில் குந்தி உட்கார்ந்து, வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவினான்.

"கோபமா?" என்றான். "அந்த எண்ணெய்க்கு?"

"நீ என்ன பண்ணுவே. பீஜி குடுத்தாங்க."

"முதல் நாள் போட்டுக்கும்போது அண்ணன் ஞாபகம்தான் வந்துச்சு. எங்க அண்ணனை, வீர்ஜியைக் குளிப்பாட்டின அன்னைக்கும் நான்தான் போட்டேன், தெரியுமா? சித்தப்பா சீவினாரு. எண்ணெய் நான். வீர்ஜியோட தாடை அவ்வளவு சில்லுனு இருந்துச்சு. எண்ணெய் இறங்கவே இல்ல. மேலாக்க நின்னுச்சு. தேய்ச்சுக்கிட்டே இருந்தேன், போதும் விடுடான்னு கையைப் பிடிச்சு எடுத்துட்டாங்க."

யாரும் அவளுக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை. கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் செய்ய வேண்டியதை, தன்னால் முடியாமல் போனதை, இந்தப் பிள்ளை செய்திருக்கிறான். அவள் அவனுக்கு ஏதோ கடன்பட்டதுபோல இருந்தது. அந்த உணர்வுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது.

"எனக்கு அந்த எண்ணெய் பிடிக்காது," என்றான் அம்ரீக். "கனமா இருக்கு, தலைப்பாகைத் துணியில கறை ஆகுது. ஆனா அன்னைக்கு நீங்க..." நிறுத்தினான். தலை குனிந்திருந்தது. "வீர்ஜி போனதுக்கப்புறம் நம்ம வீட்டுல யாரும் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. பீஜி என்னைப் பாத்தாலே அழறாங்க. மின்னோ பாத்தா அப்பா எப்ப வருவாருன்னு கேக்குது. நீங்க பாக்கறதே இல்ல. அன்னைக்குப் பாத்தீங்க. சிரிச்சீங்க. அதுக்காக நான் தார் எண்ணெய்கூடப் போட்டுக்குவேன்."

அவன் சிரிக்க முயன்றான். அண்ணனைப் போல வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தான், வரவில்லை. எழுந்து மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு உனக்கு இல்லை, உன் முதுகுக்கு, உன் முதுகில் நான் பார்த்த ஒருவருக்கு என்று. வாய் திறந்தே இருந்தது. சொல் வரவில்லை. தாடியை அவன் நன்றாகத்தான் சுருட்டிக் கட்டியிருந்தான். போகும்போது காற்றில் அந்த வாசனை ஒரு கோடுபோல அவனோடு போனது. ஸ்வரணின் முகம் அதன் பின்னாலேயே திரும்பியது. திரும்பியதை அவளே பார்த்தாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். சாணி தட்டும்போது, மின்னோவுக்குப் பின்னல் போடும்போது. அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூட அவனுக்கு இல்லையா? பொய் சொல்லாதே ஸ்வரண். ஒரு மனித முகம் வெயிலில் உன் பக்கம் திரும்பியபோது உனக்கு ஒன்றுமே இல்லையா? இருந்தது. உடம்புக்குக் குளிர்கிறது, அது எந்த அடுப்பு என்று பார்ப்பதில்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அவளால் பார்க்க முடிந்தது. தினமும் காலையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்துவான். அவள் கைகள் பழகிய வழியிலேயே போகும். தாடையில் இல்லாத தழும்பைத் தேடும். தேடித் தேடி அவனை அழித்து அவரைச் செய்துகொள்ளும். அவன் அந்த வீட்டில், தன் முகத்தின் மேல் இன்னொருவரின் முகத்தைப் பூசிக்கொண்டு, அதற்கு வருகிற சிரிப்பைத் தனக்கு என்று நினைத்துக்கொண்டு, கிழவனாகும்வரை உட்கார்ந்திருப்பான். பன்னிரண்டு வயசில், மழையில் நனைந்த கொண்டையை உலர்த்தச் சொல்லி அவள் மடியில் வந்து தலை வைத்த பிள்ளை.

மின்னோவை விடமாட்டார்கள். அதை நினைத்தபோது பின்னல் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் இறுகின.

"அம்மா, வலிக்குது," என்றது குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை காலை பீஜி விடியும்போதே எழுந்து முற்றம் மெழுகியிருந்தாள். முந்தின நாளே வாங்கிவைத்த லட்டுப் பெட்டி சமையல்கட்டில் இருந்தது. ஹர்தேவின் பேருந்து பத்து மணிக்கு வரும்.

அம்ரீக் தயிர் தேய்த்துத் தாடி அலசியிருந்தான். ஈரம் துவட்டிக் கட்டிலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாடி அவிழ்ந்து நெஞ்சுவரை கிடந்தது. பீஜியைத் தவிர இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதை அப்படிப் பார்த்ததில்லை என்பது ஸ்வரணுக்குத் தோன்றியது. தான் பார்க்கக் கூடாது என்றும் தோன்றியது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பீஜி ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். பாட்டிலின் அடியில் இருந்தது முழுவதும் அதில் இருந்தது. சூடாக்கியிருந்தாள். கிராம்பு வாசனை மேலே வந்தது.

"நீ போட்டுவிடு கண்ணு. உன் அண்ணன் வர்றதுக்குள்ள கட்டிட்டா படிஞ்சுடும். வந்து பாக்கறப்ப வீடு வீடா இருக்கட்டும்."

"பீஜி, நானே..." என்றான் அம்ரீக்.

"நீ சும்மா இரு. கட்டிப்போட்டா வாயை மூடிக்கிட்டு இருப்பே." பீஜி சிரித்தாள். அவள் கண்கள் சிரிக்கவில்லை, கெஞ்சின. கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டாள், பார்ப்பதற்குத் தயாராக.

ஸ்வரண் கிண்ணத்தோடு கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். அம்ரீக் முகத்தை நிமிர்த்தினான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்களை மூடினான். வெயில் அவன் இமைகளில் விழுந்தது. இமைகள் லேசாகத் துடித்தன. அவனுக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள். "ஸ்வரண்," என்றான் மெல்ல, முதல் தடவையாக.

அவள் உள்ளங்கை கேட்டது. அதைப் பொய்யில்லாமல் அவள் உணர்ந்தாள். எண்ணெயின் சூடு, தாடையின் எலும்பு, முறுக்கும்போது மணிக்கட்டில் ஏறும் இழுப்பு, எல்லாம் கைக்கு மனப்பாடம். பதினோரு மாதப் பேச்சு நெஞ்சில் கட்டியாக நின்றது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் இந்த முகத்துக்கு முன்னால் அத்தனையும் கொட்டிவிடலாம். அரைமணி நேரம். அவன் 'ம்ம்' என்பான். ஒன்று சொன்னால் என்ன, இரண்டு சொன்னால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. கற்றுக்கொள்வான்.

அவன் தாடை மெலிந்திருந்தது. இடது கன்னத்தில் முடி இன்னும் அடர்த்தியாகவில்லை. அந்த இடத்தில் வெயில் பட்டுத் தோல் தெரிந்தது. அது அம்ரீக்கின் முகம். வேறு யாருடையதும் இல்லை.

அவள் குனிந்து கிண்ணத்தைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தாள். சத்தம் கேட்டு அவன் கண் திறந்தான்.

"நான் போடல அம்ரீக்," என்றாள்.

"கை சுடுதா?" என்றாள் பீஜி அவசரமாக. "கொஞ்சம் ஆறட்டும். ஆறினதும் போடு."

"சூடு சரியாத்தான் இருக்கு பீஜி." அவள் அம்ரீக்கைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள். "அன்னைக்கு நான் சிரிச்சது உன்னைப் பாத்து இல்லப்பா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உனக்குப் பிடிச்சதை நீ போட்டுக்கோ."

 அவன் காது நுனிகள் சிவந்து, பிறகு வெளுத்தன. மெதுவாகத் தன் தாடியை இரண்டு கையாலும் சேர்த்து, மறைக்கிறவனைப்போல, நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். தலை ஒரே ஒரு தடவை அசைந்தது.

"ஸ்வர்னோ." பீஜியின் குரல் உடைந்தது. "உன் அண்ணன் வந்துக்கிட்டிருக்கான். மின்னோ இந்த வீட்டுப் பொண்ணு, அதை மறந்துடாதே. ஐயோ, நான் மிரட்டலடி. மிரட்டறதுக்கு எனக்கு என்ன இருக்கு?" அவள் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். கை நடுங்கி எண்ணெய் விளிம்புவரை வந்து திரும்பியது. "ஒரே ஒரு தடவை. கல்யாணத்துக்குன்னு இல்ல. எனக்காக. நான் ஒரு தடவை பாத்துக்கறேன்."

ஸ்வரண் மாமியாரின் கையைத் தன் கையால் பிடித்து, நடுக்கம் அடங்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன் பீஜி," என்றாள். "இதை மட்டும் கேக்காதீங்க. நான் போடமாட்டேன்."